அட்டையில் ஆறு

தம்பி மாமாவுக்குக் கடைசியாகத் தைத்துக் கொடுத்தது பொத்தான் இல்லாத ஒரு சட்டை. பொத்தானுக்குப் பதில் ஒட்டுகிற பட்டை வைத்திருந்தான்.

"பொத்தான் போடத் தெரியாத ஆளுக்குப் பொண்ணு குடுத்துட்டோமே, மாமா."

"பொத்தான் போடத்தான்டா உங்கக்கா இருக்கா, மாப்பிள்ளை."

மாமா, அதாவது அக்காவின் கணவர், பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் ஆலையில் உலைக்காரர். மணிக்கட்டு இரண்டும் துவண்டு தொங்கின. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிடித்தது சிரிப்புக்கா வலிக்கா என்று தெரியவில்லை.

ஆலையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். ஈயம் ஐம்பதைத் தொட்டால் வேலை இல்லை. நான்கு வருடத்துக்கு முன் மாமாவின் ரத்தத்தில் அது நாற்பத்தெட்டு.

"அடுத்த தடவை எனக்குப் பதிலா நீ வாயேன். உன் உடம்புல நூலைத் தவிர என்ன இருக்கப்போகுது?"

ஆலைக்குச் சீருடை தைப்பதே தம்பிதான். அதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, முகமூடியோடு நிற்கும் வரிசையில் அவனும் முகமூடியோடு நின்றான். ரத்தம் எடுக்கும் அம்மா மாமாவின் பெயர் போட்ட பரிசோதனை அட்டையைப் பார்த்தாரே தவிர ஆளைப் பார்க்கவில்லை. முடிவு ஆறு என்று வந்தது. ஏறியிருந்தால் கேட்டிருப்பார்கள். இறங்கிய எண்ணை யாரும் கேட்கவில்லை.

எட்டு முறை போனான். ஒருமுறை அந்த அம்மா, "உலையடியில நின்னுக்கிட்டு ஆறா? என்னதான் சாப்பிடுறீங்க?" என்றார்.

"வீட்டுச் சாப்பாடுதாம்மா," என்றான். அதில் பொய் இல்லை.

சட்டை கொடுத்த மறுநாள் மாமாவுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் ஈயத்தைத்தான் சந்தேகப்பட்டார். எதுவும் அறியாத அக்கா ஆலை அட்டையை நீட்டினாள். டாக்டர் ஈயத்தை விட்டுவிட்டு மூளைக் காய்ச்சலுக்கு மருந்து எழுதினார்.

தம்பி பக்கத்தில்தான் நின்றான். சொன்னால் மாமாவுக்கு வேலை போய்விடும். பிழைத்து வருகிறவருக்கு வேலை வேண்டுமே என்று இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சொன்னான். டாக்டர் திட்டவில்லை. உடனே ரத்தம் எடுத்தார். நூற்று முப்பத்தொன்று என்று முடிவு வந்தபோது மாமா இல்லை.

"எட்டுத் தடவையாடா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆமாக்கா."



அட்டையை ஆலை திருப்பிக் கேட்கவில்லை. அக்கா வீட்டு அலமாரியில்தான் கிடக்கிறது. மாமாவின் பெயருக்கு எதிரே கடைசி வரியில் ஆறு என்று இருக்கிறது.