வயிற்றை மட்டும் எடுக்கும் கேமரா

1

"வித்தவனுக்கே இத திருப்பி அனுப்புங்க! கடைக்குள்ள இத மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறீங்க, மானம் போகுது!"

"கத்தாதம்மா, பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும்! அவங்க எப்பவும் கேட்டுக்கிட்டுதானே இருக்காங்க!"

பக்கத்து வீடு நான்தான். இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதமும் இதுதான்: நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் என் காது. (முதல் வரைவு 'அது ஓர் இனிய வெள்ளிக்கிழமை மாலை' என்று தொடங்கியது. அடித்துவிட்டேன். அதில் இனிமை எங்கே இருந்தது?)

2

அந்த வீட்டுக் கணவர் பல்செட் செய்கிறவர். மிச்ச நேரத்தில் தோற்றுப்போன கேமராக்களைச் சேர்ப்பார். "ஜெயிச்ச கேமரா எல்லார்கிட்டயும் இருக்கு" என்பார்.

புதிதாக வந்தது தீப்பெட்டி அளவு. கழுத்தில் தொங்கவிட்டால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை தானாகப் படம் எடுக்கும், நேரத்தையும் குறித்துக்கொள்ளும். ஆனால் நெஞ்சுக்குக் கீழே தொங்குவதால் முகம் விழாது. எதிரே நிற்பவரின் வயிறுதான் விழும். வயிறு பார்க்க யார் கேமரா வாங்குவார்கள்? கம்பெனி இரண்டே வருடத்தில் கடையைக் கட்டியது. இவர் அதைப் பழைய சாமான் விற்கும் இணையதளத்தில் தேடிப் பிடித்து, ஏதோ புதையல் எடுத்தவர்போல

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. மனிதரைப் போதுமான அளவு கிண்டல் செய்தாயிற்று.)

3

மனைவிக்கு மருந்துக்கடையில் பதினொரு வருட வேலை. மாலையில் இன்சுலின் வைத்த ஃபிரிட்ஜைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டுவது அவள் பொறுப்பு. சனிக்கிழமை காலையில் ஃபிரிட்ஜ் திறந்து கிடந்தது. மருந்து முழுக்க வீண்.

"கடைசியா மூடுனது நீங்கதானே?" என்றார் மேனேஜர். "திங்கக்கிழமை ராஜினாமா லெட்டரோட வாங்க."

மூடினேன் என்று அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை. தினமும் மூடுகிற கை அது. அன்றைக்கு மூடியதா என்று அந்தக் கையைத்தான் கேட்க வேண்டும்.

(இங்கே அவளை அழவைத்திருந்தேன். பொய். பாத்திரம்தான் தேய்த்தாள், அடி ஓட்டையாகும்வரை. அவள்தான் மறந்திருப்பாளோ என்று நானும் ஒரு பொழுது சந்தேகப்பட்டேன். மன்னிக்கவும்.)

4

ஞாயிற்றுக்கிழமை. கேமரா திருப்பி அனுப்புவதற்காகப் பொட்டலமாகி மேசைமேல் இருந்தது.

"அன்னைக்கு உன்னக் கூப்பிட வந்தப்ப இது என் கழுத்துல இருந்துச்சு" என்றார் கணவர் மெதுவாக.

"இத முன்னாடியே சொல்ல மாட்டீங்களா!"

"நீதான் இதப் பத்தி வாயே திறக்கக் கூடாதுன்ன."

பொட்டலத்தைப் பல்லால் கிழித்தவள் அவளேதான். கம்ப்யூட்டரில் வயிறு வயிறாக ஓடியது. 6.41: ஃபிரிட்ஜ் கதவு மூடியிருக்கிறது, பூட்டில் சாவி, சாவியில் அவள் கை, அவள் வளையல்.

"மூடியிருக்கேன்! நான் மூடியிருக்கேங்க!"

அப்புறம் கணவர் மறந்த குடையை எடுக்கத் தனியாகத் திரும்பிப் போயிருக்கிறார். அவர் குடையைத்தான் பார்த்தார். கேமரா மற்றதைப் பார்த்தது. 6.52: ஃபிரிட்ஜ் அகலத் திறந்திருக்கிறது. முன்னால் ஒரு பெரிய வயிறு, கையில் குளிர்பான பாட்டில். கடைச் சீருடைச் சட்டை. வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவே மூன்றாவது மட்டும் பழுப்பு.

அவள் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக் காலண்டர் ஆடியது.

5

முடிவுக்கு இரண்டு வரைவுகள் எழுதினேன். ஒன்றில் மேனேஜர் காலில் விழுகிறார் (என் ஆசை). மற்றதில் கடை முதலாளியம்மா படத்தை நம்ப மறுக்கிறார் (என் பயம்). திங்கட்கிழமை கடையில் நடந்ததை அவளே எனக்கு மூன்று முறை சொன்னாள். இரண்டாவது தடவை சொன்னதுதான் நன்றாக இருந்தது.

"இதுல முகமே இல்லையே மேடம், யாரா வேணா இருக்கலாம்" என்றார் மேனேஜர். சொல்லும்போதே அவர் கை போய் மூன்றாவது பொத்தானை மூடிக்கொண்டது.

முதலாளியம்மா பாட்டிலைக்கூடக் கேட்கவில்லை. "கையை எடுங்க" என்றார், அவ்வளவுதான்.

மேனேஜர் மாதக் கடைசியில் குடும்பத்தோடு வேறு ஊருக்குக் குடிபோனார். அவர் நாற்காலியில் இப்போது இவள். கேமராவுக்கு வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி. துடைப்பதும் இவளே.

நேற்று ஒரு படத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். அதே வெள்ளிக்கிழமை, 7.10, எங்கள் மாடி நடை. பாதி திறந்த என் கதவு, அதன் இடுக்கில் பெரிய பெரிய சூரியகாந்திப் பூப்போட்ட ஒரு நைட்டி வயிறு.

"இது யாருன்னு சொல்லுங்கக்கா, பாப்போம்."

"முகமே இல்லையேம்மா" என்றேன்.

அப்போது நான் எந்த நைட்டியில் இருந்தேன், என் கை எங்கே போனது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.