பத்து டின் பீச் பழம்

தீபாவளிக்குப் பரிசாக வரும் ஹேம்பர் கூடையில் இருக்கும் பீச் பழ டின்னை யாரும் தின்பதில்லை. அரிசி முதல் நாளே பானைக்குள் போய்விடும். எண்ணெய் முறுக்கோடு தீர்ந்துவிடும். பிஸ்கட்டைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். பீச் டின் மட்டும் கண்ணாடி அலமாரியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த வருஷம் வேறொரு கூடையில் ஏறி வேறொரு வீட்டு அலமாரிக்குப் போகும். தின்னத் தெரியாமல் இல்லை. பெரிய மனுஷன் வீட்டுச் சாமான் என்று அதன்மேல் ஒரு மரியாதை.

மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய செமோர் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் மிச்சமிருந்த பத்து வீட்டிலும் இந்த வருஷம் அப்படிப் பத்து டின் மிஞ்சிக் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சரளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹேம்பரைக் கொடுத்தது நிலத்தை வாங்கிய கம்பெனி. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், இப்போது செம்பனையையும் வெட்டிவிட்டு டாமான் என்று புது வீட்டுக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள். நிலம் கைமாறியபோது, பத்துக் குடும்பத்துக்கும் ஆளுக்கொரு கல்வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் லயத்தை இடிப்போம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆறு வருஷமாயிற்று. கல்லும் வரவில்லை, வீடும் வரவில்லை. பத்துக் குடும்பமும் இடத்தை விட்டு அசையவும் இல்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது கம்பெனி ஆள் தனேஸ்வரன் வந்தான். முப்பது வயதுப் பையன், ஜிப்பா, நெற்றியில் திருநீறு, வாய் நிறைய அண்ணே, அக்கா. நம்ம பிள்ளை என்று லயமே குளிர்ந்து போயிற்று. சரளா அன்று வேலைக்குப் போயிருந்தாள். ஈப்போவில் ஒரு ஹோட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போனவள், எட்டு வருஷத்தில் கேக் போடுகிற சீன அங்கிளுக்குக் கையாளாக உயர்ந்திருந்தாள். வீட்டில் இருந்தவன் அவள் புருஷன் ஜெயபாலன், லாரி டிரைவர்.

“சும்மா வாங்கினதுக்கு ஒரு சைன்லா அண்ணே” என்று தனேஸ்வரன் ஒரு அட்டையை நீட்டினான். தாளின் மேல் பாதி பின்னால் மடித்துக் கிளிப் போட்டிருந்தது. பெயர், ஐசி என்கிற அடையாள அட்டை நம்பர், கையெழுத்து என்று மூன்று கட்டமாகப் பத்து வரி மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. ஜெயபாலன் ஒரு கையில் கூடையை அணைத்துக்கொண்டு, போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே மறு கையால் போட்டுக் கொடுத்தான். மற்ற ஒன்பது வீட்டிலும் அதே சிரிப்பு, அதே சைன்.

தீபாவளி முடிந்த வாரமே வக்கீல் கடிதம் வந்தது. சாகு ஹாத்தி எனப்படும் அன்பளிப்பை முழுமையாகப் பெற்றுக்கொண்டு, வேறு எந்தக் கோரிக்கையும் இல்லாமல், முப்பது நாளில் வீட்டைக் காலி செய்யப் பத்துக் குடும்பமும் சம்மதித்துவிட்டதாம். ஆதாரமாக அந்தத் தாளின் நகலும் இருந்தது. இப்போது மேல் பாதி மடிக்கப்படாமல் பளிச்சென்று விரிந்திருந்தது. கீழே முதல் கையெழுத்து ஜெயபாலனுடையது. அன்று அது மடித்துக் கிளிப் போட்டிருந்தது என்று அவன் அப்போதுதான் சொன்னான்.

சரளா அதை மூன்று முறை படித்தாள். ஈப்போவில் வாடகைக்குப் போனால் தன் சம்பளம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். பயத்தைவிட அதிகமாகக் கோபம் வந்தது. ஒரு கூடை சாமானுக்குப் பத்து வீடா? எங்கள் தலையில் மிளகாய் அரைக்க இவனுக்குத் திருநீறு வேறா?

இரண்டு தரப்பையும் வைத்துப் பேச ஈப்போ அரசாங்க ஆபீசில் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அழைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்பாளர் சங்கத் தலைவர் பழனியப்பன் வீட்டு வாசலில் எல்லாரும் கூடினார்கள். பழனியப்பன் நல்ல மனிதர். குரலை உயர்த்தினால் பிரஷர் ஏறும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இன்னும் நல்ல மனிதர்.

“வாங்கினத திருப்பிக் குடுத்துட்டா பேச்சே இல்ல. ஆனா எல்லாத்தையும் தின்னு தீத்துட்டோம். டின்னு மட்டும்தான் இருக்கு. அதயாச்சும் குடுத்துருவோமா?” என்றார்.

“டின்ன மட்டும் குடுத்தா, மத்ததெல்லாம் வாங்கிக்கிட்டோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ணே” என்றாள் சரளா. “தீபாவளிப் பரிசுன்னு சொல்லித்தானே குடுத்தான்? பரிசுக்குப் பரிசு குடுப்போம். பக்கத்து வீட்டுல கொழம்பு குடுத்துவிட்டா கிண்ணத்த வெறுசாவா திருப்பிக் குடுக்குறோம்? அந்தப் பத்து டின்னயும் எனக்குக் குடுங்க. கோப்ளர் செஞ்சு எடுத்துட்டு வாரேன்.”

“என்னாது அது?”

“பீச் போட்ட கேக்கு மாதிரி. வெள்ளக்காரன் பலகாரம். ரொம்ப சுளுவு.”

ஜெயபாலன் தலையில் கை வைத்துக்கொண்டான். “வீடு போவப் போவுது, இவ கேக்கு சுடப் போறாளாம்!”

“நீங்க சிரிச்சுக்கிட்டே போட்ட சைனுக்கு நான் அழுதுக்கிட்டு ஒக்காரணுமா?” என்றாள் சரளா.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வேலை ஆரம்பித்தது. சரளாவிடம் ஒரு சின்ன ஓவன் இருந்தது. பக்கத்து வீட்டுத் தினேஸ்வரி தன்னுடையதையும் தூக்கிக்கொண்டு வந்தாள். சரளா தட்டில் பட்டரைப் போட்டு, அது உருகி ஓடும்வரை ஓவனுக்குள் வைத்தாள். மாவு, சீனி, பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு, பால் எல்லாவற்றையும் தோசை மாவுபோல் கரைத்து, அந்த உருகின பட்டரின்மேல் ஊற்றினாள். அதன்மேல் டின்னில் இருந்த பழத்தைப் பரப்பி, பாகிலும் கொஞ்சம் தெளித்து, பட்டைத் தூளைத் தூவினாள். அவ்வளவுதான். முட்டை கிடையாது, அடிப்பது கிடையாது.

“கிளறக் கூடாது, தினேஸ்வரி. அப்படியே வுட்ரணும். மாவு தானா பழத்துக்கு மேல ஏறி வரும்.”

“ஒட்டாம கெடக்கேக்கா. பட்டரு ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம். பாக்கவே நல்லால்ல.”

“நல்லா இல்லாட்டியும் வுடு.”

தினேஸ்வரிக்கு எதையும் கிளறாமல் சமைத்துப் பழக்கமில்லை. சரளா திரும்பிய நேரம் பார்த்து, மூன்றாவது தட்டைக் கரண்டியால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டாள். மற்ற நாலு தட்டும் ஓரம் முறுகி, பொன்னாய் உப்பி, நடுவில் பழம் கொதித்துக்கொண்டு வெளியே வந்தன. அது மட்டும் உளுந்தங்களி மாதிரி அமுங்கிக் கிடந்தது. தினேஸ்வரி முழித்தாள். சரளாவுக்கு அத்தனை ஆத்திரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

“அது வீட்டுல இருக்கட்டும். சாயங்காலம் நம்ம ஆம்பளைங்களுக்குக் குடுப்போம். சைன் வாங்கிக்கிட்டுக் குடுப்போம்” என்றாள்.

குளித்துவிட்டு வந்து, ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எதையோ எழுதினாள். எழுதியது தெரியாதபடி மேல் பாதியைப் பின்னால் மடித்து, மகன் படித்த காலத்து அட்டை ஒன்றில் கிளிப் போட்டாள். அடியில் பெயர், ஐசி, கையெழுத்து என்று மூன்று கட்டம் மட்டும் தெரிந்தது.

“என்னாடி எழுதிருக்க?” என்று ஜெயபாலன் எட்டிப் பார்த்தான்.

“இன்னிக்கு மட்டும் படிக்கணும்னு தோணுதோ?” என்று கேட்டுவிட்டு அட்டையைப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆபீசில் நீள மேசையின் தலைமாட்டில் மலாய் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மாள்; எல்லாரும் அவரை மலாய் மரியாதையில் புவான் என்றார்கள். ஒரு பக்கம் தனேஸ்வரனும் கம்பெனியின் கோப்புகளும். இந்தப் பக்கம் பத்துக் குடும்பத்துக்கு நாலே நாலு நாற்காலி. அதில் வயதானவர்களை உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள். தனேஸ்வரன் எழுந்து, தாள் இதோ, கையெழுத்து இதோ, எல்லாரும் மனம் ஒப்பித்தான் போட்டார்கள் என்று மலாயில் மழையாய்ப் பொழிந்தான். அதிகாரி பழனியப்பனைப் பார்த்து, “இவை உங்கள் கையெழுத்துகளா?” என்று கேட்டார்.

“எங்களுடையதுதான், புவான். ஆனால்…” என்று பழனியப்பன் நிறுத்திவிட்டார். அந்த ஆனாலுக்குப் பின்னால் சொல்ல எவ்வளவோ இருந்தது. நல்ல மனிதர்களுக்கு அந்த இடத்தில்தான் வாய் அடைத்துக்கொள்ளும். அதிகாரியின் பேனா ஏதோ எழுதத் தயாரானது. இப்போது விட்டால் வீடு போயிற்று என்று சரளாவுக்குத் தெரிந்தது.

அவள் நாலு தட்டையும் கொண்டுபோய் மேசைமேல் வரிசையாக வைத்தாள். மூடியைத் திறந்ததும் பட்டரும் பட்டைத் தூளும் ஆபீசெல்லாம் மணந்தன.

“மன்னிக்கணும், புவான்” என்று மலாயில் சொன்னாள். “கம்பெனி எங்களுக்குத் தீபாவளிப் பரிசு கொடுத்தது. வெறும் கையாகப் பதில் செய்வது எங்கள் பழக்கமில்லை. கம்பெனி தந்த பழத்தில் செய்தது. இதை இந்தத் தம்பியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.” பிறகு தமிழில், “எடுத்துக்கோ தம்பி” என்றாள்.

தனேஸ்வரன் முகமெல்லாம் பல்லாயிற்று. “எதுக்குக்கா இதெல்லாம்! ரொம்ப தேங்க்ஸ்க்கா.”

“பரவால்ல. சும்மா வாங்கினதுக்கு ஒரு சைன் மட்டும் போட்ரு.”

அட்டையை நீட்டினாள். அவன் பேனாவைத் திறந்துவிட்டான். நுனி தாளைத் தொடப்போன இடத்தில் மடிப்பைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது. மடிப்பை விரிக்க விரலைக் கொண்டுபோனான். சரளா உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

“மேல ஒண்ணுமில்ல தம்பி. பேரு, ஐசி, சைன். அவ்வளவுதான்.”

“என்னா எழுதிருக்குன்னு பாக்காம எப்படிக்கா போடறது?”

“நம்ம ஆளுதானே நான்? அக்கா மேல நம்பிக்க இல்லியா?”

“அதுக்கில்லக்கா… நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா என் தலைதானே உருளும்?”

“அவர் என்ன சொல்கிறார்?” என்று அதிகாரி கேட்டார்.

“படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டாராம், புவான்” என்று சரளா மொழிபெயர்த்துச் சொன்னாள். “புத்திசாலிப் பிள்ளை. எங்கள் லயத்துக்கு வந்த அன்று இந்தப் புத்தியில் கொஞ்சம் எங்களுக்கும் சொல்லியிருக்கலாம். அவர் தாளும் இப்படித்தான் மடித்திருந்தது.”

சுவரோரத்தில் இருந்து, “ஆமாம், மடித்துத்தான் இருந்தது” என்றது மலாயில் ஒரு குரல். ஜெயபாலனுடையது. “நான்தான் முதலில் போட்டேன். படிக்கவில்லை. வாங்கினதுக்கு அடையாளம் என்றுதான் சொன்னார்.” வெட்கத்தில் அவன் காது சிவந்திருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டான். அதன்பிறகு ஒவ்வொருவராக எங்களுக்கும் அப்படித்தான், எங்களுக்கும் அப்படித்தான் என்றார்கள். பழனியப்பன்கூடக் குரலை உயர்த்தினார்.

அதிகாரி கையை நீட்டி சரளாவின் அட்டையை வாங்கினார். கிளிப்பைக் கழற்றி, மடிப்பை விரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்விட்டுப் படித்தார்.

“பீச் பழ கோப்ளர் நாலு தட்டு பெற்றுக்கொண்டேன். நன்றி.”

வேறு ஒரு எழுத்தும் இல்லை. தாளைத் திருப்பியும் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“இதற்கா கையெழுத்துப் போடப் பயந்தீர்கள்?” என்று தனேஸ்வரனைக் கேட்டார். அவன் கோப்ளரைப் பார்த்தான், கோப்பைப் பார்த்தான். “இந்தப் பத்துப் பேரில் யாருக்காவது மேல் பாதியைப் படித்துக் காட்டினீர்களா?” என்று அடுத்த கேள்வி வந்தது. அவன் திறந்த பேனாவை மூடினான்.

அதிகாரி கம்பெனியின் தாளை எடுத்துக் கோப்புக்கு வெளியே, மேசையின் ஓரமாகத் தள்ளி வைத்தார். இதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது, பழைய வாக்குறுதியிலிருந்தே பேச வேண்டும் என்றார்.

யாரோ விசும்பினார்கள். ஆனால் சரளாவுக்கு அழுகை வரவில்லை. கம்பெனிப் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியை இழுத்துத் தனேஸ்வரனுக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தாள். தட்டை ஓரமாக நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டாள்.

“சாப்பாடு அப்புறம் சாப்பிடலாம் தம்பி” என்றாள். “கல்வீடு எப்ப கட்டித் தரப்போறீங்க? அத மொதல்ல சொல்லு.”