கன்னடத்தில் எழுதுகிற கஸ்டமர்

வலது கால் ஷூ ஏறிவிட்டது. இடது கால் ஏறவில்லை. ஜூலியா சவப்பெட்டியின் கால்மாட்டில் மண்டிபோட்டு, அப்பாவின் குதிகாலைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் அடுப்பு முன்னால் நின்ற கால், வீங்கிப் போயிருந்தது. ஷூ அவள் கல்யாணத்துக்கு வாங்கியது. அன்றைக்கு ஒரு நாள் போட்டதோடு சரி.

பின்னால் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பஃப்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"காரமே இல்லீங்க. ஆறு மாசமா பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கு" என்றாள் எதிர்வீட்டு உஷா டீச்சர்.

"பஃப்ஸ விடுங்க டீச்சர். சாண்ட்விச்?" என்றார் கார்ப்பரேஷனில் வேலை பார்க்கிற கோவிந்தன். "அந்தப் பச்சைச் சட்னிக்காகவே வேலை முடிஞ்சு நேரா இங்க வருவேன். சட்னியவே எடுத்துட்டாரு. வெறும் வெண்ணெய். ஜொரக்காரனுக்குக் குடுக்கற மாதிரி."

"பிரெட்டு மட்டும் என்ன வாழ்ந்தது? போன வாரம் வாங்கினத எறிஞ்சா நாய் மண்டை உடையும்" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"மனுஷன் நல்லவருதான், பாவம். கடைசில கைப்பக்குவம் போயிடுச்சு."

செத்தவன் கண் செந்தாமரைக் கண் என்பார்கள். பெங்களூர் நீலசந்திராவில் அந்தப் பேச்சு செல்லாது. ரொட்டிக்காரன் செத்தால் ரொட்டியைப் பற்றித்தான் பேசுவார்கள். அதையும் பெட்டி மூடும் வரை பொறுக்க மாட்டார்கள். பாவிகள், குரலையாவது தாழ்த்தினார்களா என்றால் அதுவும் இல்லை.

ஜூலியா திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் சொன்ன ஒவ்வொன்றும் அவளால் வந்தது. காரம் போனதும் சட்னி போனதும் அவள் எழுதிப்போட்ட சீட்டால். அது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது. அந்த ஒரு பயத்தில் நேற்றிலிருந்து அவளுக்கு அழுகைகூட ஒழுங்காக வரவில்லை.

தொண்ணூற்றொன்பது ஜனவரியில், மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட புது பேக்கரி ஒன்று வந்தது. அப்பா ஆம்ப்ரோஸ் அசரவில்லை. காலி பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் ஓட்டை போட்டு, 'உங்கள் கருத்து' என்று எழுதி ஒட்டி, கல்லாப் பக்கத்தில் வைத்தார். அதற்கு முந்தைய மாதம்தான் அவருக்கு முதல் நெஞ்சுவலி வந்திருந்தது. அடுப்புப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடையை மூடிவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி ஜூலியா கெஞ்சினாள், சண்டை போட்டாள். "என் கஸ்டமர் என்னடி பண்ணுவான்?" என்பார். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில்தான்.

கஸ்டமரே காறித் துப்பினால் மூடிவிடுவார் என்று நினைத்தாள்.

கன்னடத்தில் எழுதினாள். அவள் கன்னட மீடியத்தில் படித்தவள். அப்பா கன்னடம் மடமடவென்று பேசுவார், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. அடுப்படி மாஸ்டர் முனிகிருஷ்ணன்தான் படித்துக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை வரும்போதெல்லாம் ஒரு சீட்டு, நாலாக மடித்து டின்னுக்குள். முதல் சீட்டை மூன்று முறை கிழித்துப்போட்டு எழுதினாள். நாலாவது சீட்டில் வார்த்தைகள் தாமாக வந்தன. 'உன் பஃப்ஸைத் தின்றால் நாய்க்கும் பேதியாகும்.' பள்ளிக்கூடத்தில் பன்காரன் மகள் என்று கூப்பிட்டவர்களுக்குத் திருப்பிச் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் அப்பாவுக்கு எழுதினாள். அவர் உயிருக்காகத்தான் எழுதினேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியில் ருசி இருந்தது.

அவர் மூடவில்லை. தினமும் கூடுதலாக இரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்றார். நேற்றுக் காலை பன் தட்டை வெளியே இழுத்து வைத்துவிட்டு மைதா மூட்டைமேல் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

ஷூ ஒருவழியாக ஏறியது. ஜூலியா கையைக் கழுவப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே முனிகிருஷ்ணன் பன்னுக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தெருவில் யார் செத்தாலும், அடக்கம் முடிந்து திரும்புகிறவர்களுக்கு டீயும் பன்னும் கொடுப்பது வழக்கம். பன் ஆம்ப்ரோஸ் கடையிலிருந்து போகும். இன்றைக்கும் அங்கிருந்துதான்.

"எவ்வளவு போடறீங்க மாஸ்டர்?"

"எரநூறு. பழைய அளவுல போடறேம்மா. அந்தக் கன்னடக் கஸ்டமர் வர்றதுக்கு முன்னாடி போட்ட அளவு." மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மனசு கேக்கல. அந்த ஆளு எழுதறதெல்லாம் ரொம்பக் கேவலமா இருக்கும்மா. நான் எப்படி அவருகிட்ட அப்படியே படிப்பேன்? ஸ்வல்ப மாத்திப் படிச்சேன்."

"மாத்தின்னா?"

"நாய் பேதின்னு எழுதியிருந்தா, 'அய்யா, காரம் கொஞ்சம் கம்மி பண்ணா வயசானவங்களும் சாப்பிடலாம்'னு படிப்பேன். சட்னி சாக்கடைன்னு இருந்தா, 'வெண்ணெய் தடவிப் பாருங்க'ன்னுவேன். அவருக்கு அவ்ளோ குஷி! 'எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போறாங்க முனி, இவரு ஒருத்தருதான் ருசி பாத்துச் சொல்றாரு'ன்னுவாரு. அந்தாளுக்காகவே திரும்பத் திரும்ப மாத்துவாரு." மாவுமேல் இருந்த கை நின்றது. "அப்படியே படிச்சிருந்தா ஒருவேளை வெறுத்துப்போய் கடைய மூடியிருப்பாரோ என்னமோ. உசுரோட இருந்திருப்பாரு."

ஜூலியா குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். அவள் எழுதிய ஒரு வார்த்தைகூட அப்பாவைப் போய்ச் சேரவில்லை. அவர் அந்தக் கஸ்டமர்மேல் ஆசை வைத்துச் செத்துப்போனார்.

"ஜூலி!" உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "ஃபாதர் வந்துட்டாரு. மாஸ்டரையும் கூட்டிட்டு வா."

பெட்டியைச் சுற்றி எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். மூடியை இரண்டு பேர் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அம்மா ரோஸ்லின் கையில் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது.

"நேத்து போட்டிருந்த சட்டையில இருந்தது. அந்தக் கஸ்டமரோடதுதான். திங்கக்கிழமை டின்னத் தொறந்து பாத்தாரு. மாஸ்டர் அன்னிக்கு லீவு. 'முனி வரட்டும், படிக்கச் சொல்றேன்'னு பையில வச்சுக்கிட்டாரு. கேக்காமயே போயிட்டாரு." தாளை மகளிடம் நீட்டினாள். "நீ கன்னடம் படிச்சவதானே. மூடறதுக்குள்ள படிடி. அவரு காதுல விழட்டும்."

"மம்மி, இப்ப எதுக்கு..."

"படின்னா படி. ஆறு மாசமா அதுக்குத்தானே உசுர விட்டாரு."

ஃபாதர் புத்தகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார். உஷா டீச்சர் கழுத்தை நீட்டினாள். ஜூலியா தாளை வாங்கினாள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். 'கிழவா, உன் கை பட்டதைத் தின்றால் குமட்டுகிறது. கடையை இழுத்து மூடிவிட்டு ஒரு மூலையில் கிட.' ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அவர் பாத்ரூம் போன நேரத்தில் போட்டது.

ஒரு மடிப்பை மட்டும் பிரித்தாள், எழுத்து இன்னும் உள்ளேதான் இருந்தது. அவசரமாகச் சொன்னாள்.

"அய்யா, பன்னு ரொம்ப நல்லா வந்திருக்கு. இனிமே ஒரு குறையும் இல்ல. உடம்பப் பாத்துக்கோங்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். "கேட்டீங்களா! கேட்டீங்களா, என்னங்க! பாஸ் பண்ணிட்டீங்க!" உஷா டீச்சரும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சற்று முன்னால் நாய் மண்டையைப் பற்றிப் பேசிய ஆள், "பெரிய மனுஷன்யா அந்தக் கஸ்டமர்" என்றார்.

"குடும்மா" என்று முனிகிருஷ்ணன் கை நீட்டினார். "அவரு பையில வச்சுடறேன்."

கொடுக்காமல் இருக்க வழியில்லை. அவர் தாளை வாங்கி, அவள் பிரிக்காமல் விட்ட மடிப்பையும் பிரித்தார். உதடு அசையாமல் படித்தார். பிறகு ஜூலியாவைப் பார்த்தார். மடிப்பைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். தாளைப் பழையபடி நாலாக மடித்து ஆம்ப்ரோஸின் கோட்டுப் பையில் செருகி, மேலே ஒரு தட்டுத் தட்டினார். மூடி இறங்கியது.

பூசையும் அடக்கமும் முடிந்து எல்லாரும் திரும்பும்போது மூன்று மணி ஆகியிருந்தது. வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். டீ வந்தது. தட்டுத் தட்டாகப் பன் வந்தது.

"அட, பழைய பன்னு!" என்றார் கோவிந்தன். "இதத்தாங்க கேட்டோம். இந்த மாஸ்டர் கைல விட்டிருந்தாலே போதும். பெரியவரு வீணா மூக்க நுழைச்சுக் கெடுத்துட்டாரு."

"எனக்கு இன்னொண்ணு" என்றாள் உஷா டீச்சர்.

முனிகிருஷ்ணன் எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக ஜூலியா முன்னால் வந்து நின்றார். தட்டில் ஒரே ஒரு பன் இருந்தது.

"பசிக்கல மாஸ்டர்."

"ஒரு வாய் தின்னும்மா. எப்படி இருக்குன்னு சொல்லணுமில்ல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பன்னுக்குப் பக்கத்தில் தட்டில் வைத்தார்.

"வாயால சொல்ல வரலேன்னா எழுதிக் குடு. இனிமே எழுதினத எழுதின மாதிரியே படிக்கறேன்" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"ஜூலி" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். "பன்னு நல்லா வந்திருக்காடி?"

ஜூலியா பன்னை எடுத்துக் கடித்தாள். மெத்தென்று இருந்தது, சர்க்கரை அளவாக இருந்தது. முனிகிருஷ்ணன் தட்டோடு அங்கேயே நின்றார். அவள் மென்றுகொண்டே இருந்தாள்.