தூக்கிக் கட்டிய தார்ப்பாய்

கிருத்திகாவும் தர்ஷினியும் ஜோகுபாளையத்தில் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். வேலையும் ஒரே அலுவலகத்தில், ஒரே குழுவில். குழுவினர் எல்லோரும் கனகபுரா பக்கம் ஓர் ஏரிக்கரையில் சனிக்கிழமை கேம்ப்பிங் போவதென்று முடிவானபோது, ஏற்பாடெல்லாம் கிருத்திகாவின் தலையில் விழுந்தது. அதில் அவளுக்குச் சந்தோஷம்தான். மரத்துக்கு மரம் ஹேமாக் கட்டி அதில் தொங்கியபடி படுப்பதில் அவளுக்கு அப்படியொரு பித்து.

மதியத்துக்கு மேல் அக்கரையில் மேகம் கறுத்தது. மற்றவர்கள் தண்ணீரில் இறங்கியிருந்தார்கள். ஹேமாக்குக்கு மேலே விரித்திருந்த தார்ப்பாய் இரண்டு பக்கமும் தாழ்ந்து, ஒருவர் படுக்க மட்டுமே இடம் கொடுத்தது.

“இதையே பந்தல் மாதிரி தூக்கிட்டா எல்லாரும் உட்காரலாம். ஒரு கை பிடிங்க ரகு” என்றாள் கிருத்திகா.

ரகு அவர்களுடைய மேலாளர். சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவர். அவர் வருவதற்குள் அவள் ஹேமாக்கை அவிழ்த்துச் சுருட்டிவிட்டாள். இரு மரங்களுக்கு நடுவே ஓடிய கயிற்றைத் தலைக்கு மேல் ஏற்றி இறுக்கினாள். காற்று வரும் பக்கத்து ஓரத்தைத் தரையோடு சேர்த்து முளையடித்தாள். ஏரியைப் பார்த்த பக்கத்துக்குத்தான் மூங்கில் கம்பு கொடுத்துத் தூக்க வேண்டும்.

“நேரா பிடிக்காதீங்க, கொஞ்சம் வெளிப்பக்கமா சாயுங்க. நான் கயித்தை இழுத்துக் கட்டினா விறைப்பா நின்னுக்கும். அந்த மூலை மட்டும் தாழ்வா இருக்கட்டும். இல்லன்னா தண்ணி தேங்கி நம்ம தலையில கொட்டும்.”

“ஆய்த்து, ஆய்த்து” என்று கன்னடத்தில் சரி சொல்லிச் சிரித்தார் ரகு. “அம்மா எப்படி இருக்காங்க?”

“நல்லா நடக்கிறாங்க. ஆபரேஷன் பண்ண முட்டியில இப்ப வலியே இல்லையாம்.”

“சந்தோஷம். நீ ஜெர்மனி வேலை வேண்டாம்னப்போ எனக்கு பேஜாராயிடுச்சும்மா. உன் பேரைத்தான் கொடுத்திருந்தேன். அம்மாவை விட்டுட்டுப் போக முடியாதுன்னா என்ன பண்றது?”

இழுத்துப் பிடித்திருந்த கயிறு அவள் கையில் தளர்ந்தது. “நான் எப்ப வேண்டாம்னேன்?”

“நேர்ல சொல்ல சங்கடமா இருக்குன்னு தர்ஷினிகிட்ட சொல்லி அனுப்பினியே?”

அலுவலகத்திலிருந்து ஜெர்மனிக்குப் போவது தர்ஷினி என்று தெரிந்த அன்று கிருத்திகா குளியலறையில் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ப் பிரியாணி வாங்கி வந்து தோழியைக் கட்டிக்கொண்டாள். “உனக்குக் கிடைக்காம எனக்காடி?” என்று தர்ஷினியும் அழுதாள். அம்மாவின் ஆபரேஷனைப் பற்றிய பயத்தையெல்லாம் கிருத்திகா சொல்லியிருந்தது அவள் ஒருத்தியிடம்தான்.

“நீ சொல்லலையா?” ரகுவின் குரல் இறங்கியது.

“இல்ல. கம்பை விட்டுடாதீங்க.”

முதல் துளிகள் விழத் தொடங்கியிருந்தன. அவள் முளையை அடித்து, கயிற்றைச் சுற்றி முடிச்சிட்டாள். இரண்டு முறை முடிச்சு நழுவியது.

மழை பிடித்துக்கொண்டதும் எல்லோரும் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவந்து நுழைந்தார்கள். தர்ஷினி ஈரத் தலையோடு அவள் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “செமயா கட்டியிருக்கடி!”

“நான் ஜெர்மனி வேண்டாம்னு சொன்னேனா தர்ஷி?”

தர்ஷினி ரகுவைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உன் நல்லதுக்குத்தான்டி. அம்மாவை அப்படி விட்டுட்டு நீ போயிருப்பியா? போனாலும் அங்க நிம்மதியா இருந்திருப்பியா?”

“அதை நான்தானே சொல்லணும்?”

“நீ திணறுவ. எனக்குத் தெரியும்.”

“அப்ப எதுக்கு என்னோட சேர்ந்து அழுத?”

கிருத்திகா எழுந்து மழைக்குள் நடந்தாள். ரகு பின்னாலேயே வந்து காரில் ஏற்றி, கனகபுரா பஸ் ஸ்டாண்டில் விட்டார். “நான் உன்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்” என்றார். அவள் தலையசைத்தாள்.

தர்ஷினிக்கு விசா வந்துவிட்டிருந்தது. ரகு எவ்வளவோ பேசியும் எதையும் மாற்ற முடியவில்லை. மாதக் கடைசியில் கிருத்திகா லிங்கராஜபுரத்தில் ஒற்றை அறை பார்த்துக்கொண்டு தனியே போனாள். ஆத்திரத்துக்கு நடுவிலும் ஒரு கேள்வி அவளை விடவில்லை. ஒருவேளை தர்ஷினி சொன்னதுதான் சரியோ? அந்த நிலையில் அம்மாவை விட்டுவிட்டுப் போயிருக்க முடியுமா?

வீடு மாறிய பிறகுதான் குடியாத்தத்தில் இருக்கும் அம்மாவுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

“இன்னாடி சொல்ற? அந்தப் பொண்ணு அப்பவே எனக்கு போன் பண்ணி கேட்டுச்சே! ‘கிருத்தி வெளிநாடு போனா நீங்க தனியா சமாளிப்பீங்களாம்மா’ன்னு. ‘என் தங்கச்சி கூட இருப்பா, நீ அவளைத் தைரியமா கிளம்பச் சொல்லு’ன்னு சொன்னேனே. நீயாத்தான் வேணாம்னுட்டேன்னு நெனச்சேன். உன்கிட்ட சொல்லலையா?”

கிருத்திகா பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள்.

“இல்லம்மா” என்றாள். “சொல்லல.”