நின்ற வண்டியின் சத்தம்

தெருவில் அவனுக்குப் பெயர் டாக்டர். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மரப்பிடி போட்ட நீள ஸ்குரூடிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். அரை நிமிஷம் போதும். எந்தச் சாமான் செத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவான். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துப் பெரிய இடங்களில் கைவிரித்த வண்டிகள்கூட அவனுடைய தகரக் கூரைக்குக் கீழே வந்து குணமாகிப் போயிருக்கின்றன. அதில் அவனுக்குக் கொஞ்சம் மிதப்பு. அந்த மிதப்பை மண்ணைக் கவ்வ வைத்தது சொந்தத் தங்கை வீட்டு வண்டி.

"பின்பக்கம் டொக்குனு ஒரு சத்தம் மச்சான்" என்றார் தங்கையின் புருஷன். குடோன் ஒன்றில் ஸ்டோர் பொறுப்பாளர். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. அதிகம் பேசாத ஆள்.

"எப்ப வருது?"

"எப்பவாவது."

"மாப்பிள்ள, வலிக்குதுன்னு வந்துட்டு எங்கன்னு சொல்லலேன்னா எப்படி? பள்ளத்துல எறங்கும்போதா, திருப்பும்போதா, பிரேக் அடிக்கும்போதா?"

மாப்பிள்ளை கையிலிருந்த சாவியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஓடும்போதுதான். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ."

டாக்டர் வண்டியில் ஏறினான். டிரைவர் சீட் கட்டில் மாதிரி சாய்ந்து கிடந்தது.

"என்ன, ஆபீசுக்குப் படுத்துக்கிட்டேவா போறீங்க?"

"முதுகு வலி மச்சான்."

சீட்டை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினான். மேட்டில் ஏற்றினான், பள்ளத்தில் இறக்கினான், ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து வட்டம் போட்டான். டொக்கும் வரவில்லை, டிக்கும் வரவில்லை. இருந்தாலும் சந்தேகத்தின் பேரில் பின் சக்கரத்து ரப்பர் புஷ்களை மாற்றி அனுப்பினான். எட்டு நாளில் மாப்பிள்ளை திரும்பி வந்தார். சைலன்சரைத் தாங்குகிற ரப்பர்களை மாற்றினான். அடுத்த எட்டு நாளில் மறுபடி வந்து நின்றார்.

மூன்றாவது முறை வண்டியை விட்டுப்போன புதன்கிழமை சாயங்காலம் தங்கை வந்தாள். ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக் கூடத்தில் வேலை. ஈரத் துணி மூட்டைகளை இழுத்து இழுத்து இரண்டு மணிக்கட்டும் வீங்கி, கட்டுப் போட்டிருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கூரையைப் பார்த்தாள்.

"டாக்டர்னு போர்டு மட்டும்தான் பாக்கி. ஊர் வண்டியெல்லாம் பாக்கற, என் வீட்டு வண்டிக்கு மட்டும் உனக்குக் காது அடைச்சுக்குதா?"

"உன் புருஷன் வாயத் தொறந்து சொன்னாத்தானே. நீ கேட்டிருக்கியா அந்தச் சத்தத்த?"

"நான் எங்க அதுல போறேன்? எனக்குத்தான் பஸ் இருக்கே. அவருக்குத்தான் ராத்திரி பகலா அதே கவலை. தூக்கத்துல எழுந்து உக்காந்து, உனக்குக் கேக்குதாங்கறாரு. வீட்டுக்குள்ள என்னய்யா கேக்கும்னு திட்டிட்டுப் படுத்துட்டேன்." அவள் கட்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக்கொண்டாள். "அத விடு. வேலைய விடப்போறேண்ணா. வெள்ளிக்கிழம லெட்டர் குடுக்கறேன். இந்தக் கை இனிமே தாங்காது. போன வருஷமே விடுன்னு சொன்னவரு அவர்தான். ஒரு சம்பளம் போதும்னாரு. நான்தான் இழுத்துக்கிட்டே வந்தேன்."

"நல்லது, விடு" என்றான் டாக்டர். அவனுக்கும் அந்தக் கைகளைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மறுநாள் மதியம் வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே இருந்த காலி இடத்தில் நிறுத்தினான். இன்ஜினை அணைத்ததும் மழை பிடித்துக்கொண்டது. இறங்கினால் நனைந்துவிடுவோம். சாப்பாட்டுப் பொட்டலம் பக்கத்தில்தான் இருந்தது. பிரித்துச் சாப்பிட்டான், கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அரை மணி நேரம் இருக்கும்.

டொக்.

பின் சீட்டுக்குக் கீழிருந்து, தகர டப்பாவை யாரோ கட்டைவிரலால் அமுக்கியதுபோல் வந்தது. டாக்டர் அசையவில்லை. மழை விட்டு வெயில் வந்தது. இன்னொரு இருபது நிமிஷம். டொக்.

இறங்கிப்போய் பெட்ரோல் மூடியைத் திருகினான். உஸ்ஸென்று பெருமூச்சு விட்டது டேங்க். விஷயம் ஒன்றுமே இல்லை. காற்று போய்வர மூடியில் இருக்கிற ஓட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. வண்டி நின்றபின் குளிர்ந்தால் டேங்கின் தகரம் உள்ளே ஒடுங்குகிறது, சூடேறினால் வெளியே பிதுங்குகிறது. புது மூடி போட்டால் தீர்ந்தது. மூன்று வாரமாகத் தன்னை ஆட்டிவைத்தது இந்த உள்ளங்கை அகல மூடிதானா என்று வாய்விட்டுச் சிரித்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது.

ஓடும்போது டயர் இரைச்சலில் இது யாருக்கும் கேட்காது. கேட்க வேண்டுமென்றால் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டிக்குள்ளேயே அரை மணி நேரம் உட்கார வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கேட்க வேண்டுமென்றால்?

உள்ளே போய் பழைய ஜாப் கார்டுகளைத் தேடி எடுத்தான். வண்டி வரும்போதெல்லாம் கிலோமீட்டரைக் குறித்து வைப்பது அவன் வழக்கம். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவே எட்டு நாளில் எழுபத்து மூன்று கிலோமீட்டர். அடுத்த எட்டு நாளில் அறுபத்தெட்டு. மாப்பிள்ளையின் குடோன் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர். ஒரே நாளில் போய்வந்தாலே நாற்பது ஆகிவிடும். கார்டுகளை மேசையில் வைத்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்குக் கையைத் திரும்பத் திரும்பத் துடைத்தான். அப்புறம் போன் போட்டான்.

"எங்க இருக்கீங்க மாப்பிள்ள?"

"ஆபீஸ்ல மச்சான்."

"சத்தம் கெடைச்சிருச்சு. முடிஞ்சா வாங்க."

இருபது கிலோமீட்டர் தூரத்தில் வண்டியில்லாமல் இருந்த மனுஷர் பத்து நிமிஷத்தில் நடந்து வந்தார். ஷூவெல்லாம் சேறு.

டாக்டர் பழைய மூடியையே போட்டு வண்டியை இன்னொரு சுற்று ஓட்டி, வெயிலில் நிறுத்தி இன்ஜினை அணைத்திருந்தான். "ஏறுங்க" என்றான். மாப்பிள்ளை டிரைவர் சீட்டில் உட்கார, இவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஓட்டணுமா?"

"வேணாம். சும்மா இருங்க."

பத்து நிமிஷம் போனது. மாப்பிள்ளை எதுவும் கேட்கவில்லை. அவர் கை தானாகப் போய் சீட்டைச் சாய்க்கிற லீவரைத் தொட்டது, தொட்டதும் திரும்பி வந்தது. ஒரு ஈ கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தது. இருபது நிமிஷம். சட்டைக்குள் வியர்வை ஓடியது.

டொக்.

"இதான்!" மாப்பிள்ளை துள்ளித் திரும்பினார். பல்லெல்லாம் தெரிந்தது. அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு டாக்டர் பார்த்ததே இல்லை. "இதேதான் மச்சான்! கேட்டுச்சா உங்களுக்கு? நெஜமாவே கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்பாடா. எனக்கு மட்டும்தான் கேக்குதோன்னு..."

அங்கே நிறுத்தினார். நிற்கிற வண்டியைப் பார்த்தார், திருப்பாமல் தொங்குகிற சாவியைப் பார்த்தார். முகம் மெல்ல வடிந்தது.

"எத்தன மாசமா?" என்றான் டாக்டர்.

"நாலு. என் செக்‌ஷனையே எடுத்துட்டாங்க."

"எங்க போயி உக்காருவீங்க?"

"பழைய ஐஸ் கம்பெனி மதில் ஓரமா. அங்க யாரும் வரமாட்டாங்க. வேற வேலைக்கு அலைஞ்சேன் மச்சான், அலையாம இல்ல. வயசக் கேட்டுட்டு உக்காரக்கூடச் சொல்றதில்ல." ஷூவிலிருந்த சேற்றைச் சுரண்டினார். "நாள் பூரா உள்ளயே இருப்பேனா, இந்தச் சத்தம் வர ஆரம்பிச்சுது. எறங்கிப் பாத்தா ஒண்ணுமில்ல. மண்டைக்குள்ள இருந்துதான் வருதுன்னு பயந்துட்டேன். யாராவது இன்னொருத்தருக்குக் கேட்டாப் போதும்னு இருந்துச்சு."

டாக்டருக்கு ஆறுதல் சொல்ல வராது. இன்ஜினுக்கும் சொன்னதில்லை, மனுஷனுக்கும் சொன்னதில்லை.

"ஓடும்போது வருதுன்னு பொய் சொன்னீங்களே, மூணு வாரம் நல்ல சாமானையெல்லாம் கழட்டிப் போட்டேன்யா. அது போகட்டும். அவ நாளைக்கு லெட்டர் குடுக்கப்போறா, தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாயப் பொத்திக்கிட்டு இருக்கீங்க?"

"எப்படி மச்சான் சொல்றது? அந்தக் கையோட அவள வேலைக்குப் போ போன்னு சொல்லவா?"

டாக்டர் கதவைத் திறந்தான். இறங்கிப்போய்ப் புது மூடியைப் போட்டுவிட்டு வந்து ஜன்னலில் குனிந்தான். "இன்னைக்கே சொல்லிடுங்க. லெட்டர் போச்சுன்னா அந்த எடமும் போச்சு. ராத்திரிக்குள்ள நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்."

மாப்பிள்ளை தலையாட்டினார். வண்டியைக் கிளப்பினார். பழைய மூடி டாக்டரின் கையிலேயே இருந்தது.

ஆறரை மணிக்குத் தங்கையிடமிருந்து போன் வந்தது. குரல் கலகலவென்று இருந்தது. "அண்ணா, சத்தம் போயே போச்சாமே! உன் காதக் கொற சொன்னேன்ல, அத வாபஸ் வாங்கிக்கறேன்."

"மாப்பிள்ள வேற ஏதாவது சொன்னாரா?"

"வந்ததும் சத்தம் போச்சுன்னாரு. அதோட சரி. வண்டிய விட்டு எறங்கவே இல்ல. வாசல்ல நிறுத்திக்கிட்டு ஒரு மணி நேரமா உள்ளயே உக்காந்திருக்காரு. மறுபடி வருதான்னு பாக்கறாரு போல. கிறுக்கு மனுஷன்."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தான். "நாளைக்கு அந்த லெட்டர..."

"அது இன்னைக்கே குடுத்தாச்சுண்ணா. எங்க மேடம் நாளைக்கு லீவாம். மத்தியானமே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாங்க. என் எடத்துக்கு ஒரு பொண்ணக்கூடப் பாத்து வச்சிருக்காங்க. பாரேன், பதினாலு வருஷம், ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது."

மத்தியானம். அவர்கள் இரண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்து ஒரு டொக்குக்காகக் காத்துக்கொண்டிருந்த நேரம்.

"அண்ணா? இருக்கியா?"

சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. ஆனால் அந்த இரண்டு வார்த்தையை இவன் வாயிலிருந்து அவள் கேட்டுவிட்டால், அந்த ஆள் வண்டியை விட்டு இறங்கவே மாட்டார் என்று பட்டது.

"நீ போயி வண்டில அவரு பக்கத்துல உக்காரு" என்றான்.

"எதுக்கு?"

"உக்காரு. ஒண்ணும் கேக்காத. அவரா வாயத் தொறக்கற வரைக்கும் எறங்காத. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

"என்னண்ணா ஆச்சு? வண்டிக்கு ஏதாவது...?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல."

அவள் போனை அணைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தாள். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போவது கேட்டது. கார்க் கதவு திறந்தது. "இதென்ன, இருட்டுல உக்காந்துக்கிட்டு..." என்று அவள் சொல்வது கேட்டது. கதவைச் சாத்தினாள். சரியாக அடையவில்லை, வீங்கிய கையால் இழுத்திருப்பாள். மறுபடி திறந்து சாத்தினாள். இந்தத் தடவை அடைந்தது.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.