மெத்தைக் கடையின் மேனேஜர்கள்

அந்த மெத்தைக் கடையில் எத்தனை பேர் வேலை பார்த்தார்களோ அத்தனை பேரும் மேனேஜர்கள். சம்பளம் கூட்டிக் கேட்டு யார் வந்து நின்றாலும் முதலாளி கல்லாவைத் திறக்கமாட்டார். வாயைத் திறந்து ஒரு பட்டத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார். கதவு திறந்துவிடுபவர் வரவேற்பு மேனேஜர். கூட்டிப் பெருக்கும் அம்மாள் சுகாதார மேனேஜர். டீ வாங்கி வருபவர் கொள்முதல் மேனேஜர்.

நம்மாள் மட்டும் போன வாரம்வரை வெறும் சேல்ஸ்மேன். பார்த்திருந்த பெண்ணின் அப்பா ஒரு கம்பெனியின் டைரக்டராம். மேனேஜருக்குக் குறைந்து பெண் கொடுப்பதில்லையாம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் அக்கா கொதித்துப்போனாள்.

"இதையும் கோட்டை விட்டேன்னா, காலம் பூரா மெத்தையைக் கட்டிக்கிட்டுத்தான்டா படுக்கணும்."

நம்மாள் போய்க் கெஞ்சினான். முதலாளி அப்போதே மேனேஜர் பட்டத்தைக் கொடுத்தார். கூடவே ஒரு டையும் கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

மெத்தையை வண்டியில் ஏற்றுவது மேனேஜர் செய்கிற வேலையா? இல்லை. ஆனாலும் ஏற்றித்தானே ஆகவேண்டும்? ஆகவே, கடைசியாக மேனேஜர் ஆனவர் ஏற்றுவது என்று கடையில் புதிதாக ஒரு வழக்கம் வந்தது. நேற்றுவரை சேல்ஸ்மேனாகத் தூக்கியவன் இன்று மேனேஜராகத் தூக்கினான்.

ஒருநாள் சலவைச் சட்டை மடிப்புக் கலையாமல் ஒரு பெரியவர் வந்தார். மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றார். கதவோரம் நின்றவர், "நான்தான், சொல்லுங்க" என்றார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த அம்மாளும் என்ன விஷயம் என்று விசாரித்தாள். டீ கிளாஸ்களோடு மூன்றாவது மேனேஜர் உள்ளே நுழைந்தார். பெரியவருக்குத் தலை சுற்றியது. வந்த காரணத்தைச் சொல்ல வாய் வராமல், இருப்பதிலேயே பெரிய மெத்தை ஒன்றைக் காட்டி விலை பேசி வாங்கிவிட்டார்.

முதலாளி கிடங்குப் பக்கம் குரல் கொடுத்தார். நம்மாள் வந்து மெத்தையைத் தலையில் ஏற்றினான். அது இரண்டு பக்கமும் தொங்கி அவனை இடுப்புவரை விழுங்கியது. பெரியவர் பக்கத்திலேயே நடந்துவந்தார்.

"இங்க புதுசா ஒரு மேனேஜர் வந்திருக்காராமே, ஆள் எப்படிப்பா? என் பொண்ணுக்குப் பாத்திருக்கோம். அதான் கேக்கறேன்."

மெத்தை சட்டென்று நின்றது.

"தங்கமான மனுஷன் சார்," என்றது. "அதிர்ந்து பேசமாட்டாரு. கனமா எதையும் தொடக்கூட மாட்டாரு."

"அதானே. மேனேஜர்னா சும்மாவா?"

பெரியவரின் கம்பெனி வண்டி நின்ற இடம் வந்துவிட்டது. மெத்தையை இறக்காமல் உள்ளே தள்ள முடியாது. இறக்கினான். வியர்த்த முகமும் அதற்குக் கீழே டையும் வெளிப்பட்டன. பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துப் பார்த்தார். அவனைப் பார்த்தார். இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று நம்மாள் தலை குனிந்தபடி மெத்தையை வண்டிக்குள் தள்ளினான்.

பெரியவர் முன்பக்கம் போய், டிரைவர் சீட்டில் கிடந்த அழுக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"நம்ம கம்பெனில டிரைவர்னு தனியா யாரையும் வச்சுக்கறதில்லை, மாப்பிள்ளை," என்றார் வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

சாவியைத் திருகினார். வண்டி இருமியது, கிளம்பவில்லை. மறுபடியும் திருகினார். பிறகு ஜன்னல் வழியாக மெதுவாகத் தலையை நீட்டினார்.

"கொஞ்சம்..."

மேனேஜர் டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு வண்டியைத் தள்ளினார். டைரக்டர் புகை கக்கிக்கொண்டு புறப்பட்டார். கடை வாசலில் வரவேற்பு மேனேஜர் கதவைத் திறந்து பிடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.