அச்சு மாறாத கையெழுத்து

பானுமதி லென்ஸைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

விண்வெளி வீரர்கள் கையெழுத்திட்ட படங்களும் கடித உறைகளும் அசலா போலியா என்று பார்த்துச் சொல்வது அவள் தொழில். செம்மேட்டில் இருக்கும் அவளுக்குச் சென்னை, பெங்களூர் சேகரிப்பாளர்கள் கூரியரில் அனுப்புவார்கள். இன்று பக்கத்து ஊரான சோளக்காட்டில், கவியரசன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கவியரசன் விற்கிறவர். வாங்க வந்த அர்த்தநாரி எதிரே உட்கார்ந்திருந்தார்.

மேசைமேல் கறுப்பு வெள்ளைப் படம். எப்போதோ இறந்துபோன ஒரு வெளிநாட்டு வீரர். மார்புக்குக் கீழே நீல மையில் கையெழுத்து.

கோடு ஒரே சீராக இருந்தது. அதுதான் உறுத்தியது. கை வேகமெடுத்தால் மை மெலியும், தயங்கினால் தடிக்கும். இதில் இரண்டும் இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் குத்தினாற்போல் ஒரு புள்ளி.

இந்தச் சுழியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று பையைத் திறந்தாள். சான்று கொடுத்த ஒவ்வொன்றுக்கும் கண்ணாடித் தாளில் ஒரு நகல் வைத்திருப்பாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய நகலை எடுத்துப் படத்தின்மேல் வைத்தாள். மயிரிழை விலகவில்லை.

எந்த மனிதனும் இரண்டு முறை அச்சு அசலாக ஒரே மாதிரி கையெழுத்துப் போட மாட்டான். ரசிகர் கடிதங்களுக்குப் பதில் அனுப்ப அந்தக் காலத்தில் இருந்த பேனா இயந்திரம்தான் போடும். அப்படியானால் பழையதும் இயந்திரத்துடையது. அதை அசல் என்று முத்திரை குத்தியவள் அவளேதான்.

போன் வந்து அர்த்தநாரி வாசலுக்குப் போனார். கவியரசன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க மேடம், அந்தத் தாளப் பையில வெச்சிருங்க. அது மணிவண்ணன் சாருக்கு நான் வித்த படத்தோட நகலுங்க. அசலுன்னு சொன்னது நீங்க. இது பொய்யின்னா அதுவும் பொய்யிங்க. அப்புறம் உங்க சான்ற யாரு நம்புவாங்க?"

"தெரிஞ்சுதான் வித்தீங்களா?"

"எனக்கு என்னங்க தெரியும்? உங்களுக்கே தெரியலியே."

அர்த்தநாரி உள்ளே வந்தார். "என்னங்க, வாங்கலாமுங்களா?"

கவியரசன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்காதீங்க" என்றாள். "படம் அசலுதாங்க. கையெழுத்து மெஷின் போட்டது. இதே மாதிரி ஒண்ண அசலுன்னு நான் தப்பாச் சொல்லியிருக்கேன். இந்தாங்க, நீங்களே வெச்சுப் பாருங்க."

அர்த்தநாரி தாளை வைத்துப் பார்த்தார். பிறகு படத்தை மேசையிலேயே விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பானுமதி அங்கிருந்தே பஸ் பிடித்து வாசலூர்பட்டிக்குப் போனாள். மணிவண்ணன் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அவள் சொல்லி முடிக்கும்வரை வாசற்படியில் நின்றபடியே கேட்டார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"ரெண்டு வருசமாப் புள்ளைங்களுக்கு எடுத்துக் காட்டுனேங்க, அவரு கையாலயே போட்டதுன்னு. இப்ப என்னன்னு சொல்றது?"

"நான் ஏமாந்துட்டேன்னு சொல்லுங்க. என் பேரச் சொல்லியே சொல்லுங்க."

அவர் உள்ளே போய்ச் சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டினார். பானுமதி அதன் குறுக்கே 'தவறு' என்று எழுதித் தேதி போட்டாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

செய்தி பரவி, அந்த மாதம் நான்கு சேகரிப்பாளர்கள் தங்கள் பார்சலைத் திருப்பிக் கேட்டார்கள். அனுப்பிவிட்டு, பானுமதி தன் பழைய நகல்களை எல்லாம் மேசையில் கொட்டி முதல் தாளிலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்கினாள்.